கைடைத் தேடும் முன் அவருடைய ஸ்காலர்களின் ஆய்வேட்டைத் தேடுங்கள்

எங்கள் கடை ஒரு பல்கலைக்கழக மெயின் கேட்டுக்கு எதிரே, டீக்கடைக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல், கேஸ் பைண்டிங். அப்பா ஆரம்பித்த கடை. 17 ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். கருநீல ரெக்ஸினில் தங்க எழுத்து அடித்து, பசை காயும்வரை பிஎச்.டி. ஆய்வேட்டைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். அட்டைக்குள் இருக்கும் இயற்பியல் பாதி புரியும், தாவரவியல் கால்வாசி புரியும். நன்றியுரை மட்டும் முழுசாகப் புரிந்துவிடும்.

ஜூன், ஜூலை வந்தால் எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள், பிஎச்.டி.க்கு கைடு (ஆய்வு நெறியாளர்) தேடிக்கொண்டு கடைக்கு வருவார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் துறையின் பேராசிரியர் பக்கங்களை வரிசையாகப் பிரின்ட் எடுத்துவிட்டு, "அக்கா, இந்த சார் எப்படி?" என்று கேட்பார்கள். சார் எப்படி என்று எனக்குத் தெரியாது. அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் பைண்டிங்குக்கு வந்தார்கள் என்று தெரியும். இத்தனை நாளும் கல்லாவில் நின்றபடி துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. நானும் எம்.எஸ்ஸி. இயற்பியல்தான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டேகால் வருஷத்தில் விட்டுவிட்டேன். என் கைடின் பக்கத்தில் "ஆய்வு ஆர்வங்கள்: மெல்லிய படலங்கள், படிக வளர்ச்சி, நானோ பொருள்கள், அல்ட்ராசானிக்ஸ்" என்று இருந்தது. எனக்கு மெல்லிய படலம்தான் வேண்டும். சேர்ந்த பிறகுதான் லேபில் படலம் பூச இருந்த கோட்டிங் யூனிட் பல வருஷமாகத் துணி போர்த்திக் கிடக்கிறது என்று தெரிந்தது. அவர் படலம் பற்றிக் கடைசியாக எழுதிய கட்டுரைக்கு 14 வயது, தன் பிஎச்.டி. காலத்தில் செய்தது. அங்கே நடந்துகொண்டிருந்தது படிக வளர்ச்சி. தமிழ்நாட்டு இயற்பியல் துறைகளில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்: கரைசலை வடிகட்டி பீக்கரில் ஊற்றி, வாயைப் பாலித்தீன் தாளால் கட்டி, குண்டூசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, ஆடாமல் அசையாமல் ஒரு மூலையில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது. ஒரு நாள் ராத்திரி யாரோ அந்த மேசையில் இடித்துவிட்டார்கள். காலையில் ஒரே பெரிய படிகம் இருக்க வேண்டிய இடத்தில் சீனி கொட்டியது மாதிரி பொடிப்பொடியாக அடியில் கிடந்தது. படிகம் வளர்ப்பது மட்டமான வேலை இல்லை, நன்றாகச் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டாம் என்பதுதான் விஷயம். அதைச் சேருவதற்கு முன்பே, ஒரு மத்தியான நேரத்தில், கண்டுபிடித்திருக்கலாம்.

எப்படி என்று சொல்கிறேன்.

பேராசிரியர் பக்கத்தைத் திறந்ததும் எல்லோருடைய கண்ணும் பட்டங்களுக்குத்தான் போகும். அதில் எந்த ஊர், எந்த நாடு என்பதை இப்போதைக்கு விடுங்கள். ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.எஸ்ஸி. முடித்த ஆண்டிலிருந்து 21 கழித்தால் ஏறக்குறையப் பிறந்த ஆண்டு கிடைக்கும். 1989இல் பி.எஸ்ஸி. என்றால் 1968வாக்கில் பிறந்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு வயது 60 என்றால் 2028இல் வெளியே போவார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஸ்காலர், அதாவது ஆய்வு மாணவர், எடுக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஓய்வுவரை பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் இணை நெறியாளராக மட்டும், அதுவும் 70 வயதுவரை. ஆக, இந்த சாரிடம் 2025 தாண்டி இடமே கிடையாது. அவருக்காக ஒரு வருஷம் காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இது ரகசியம் ஒன்றும் இல்லை.

அதே விதிமுறையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர்வரைதான் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் "முடித்தவர்கள் 11, நடப்பில் 8" என்று இருந்தால் வண்டி நிறைந்துவிட்டது. ஆனால் அந்த "நடப்பில்" எண்ணை எப்போது புதுப்பித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது; நேரில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உதவிப் பேராசிரியர் என்றால் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். கைடாக இருக்க ஐந்து ஆண்டு அனுபவமும் குறைந்தது மூன்று கட்டுரையும் அவருக்கு வேண்டும். அதைத் தாண்டி வந்தவருக்கு நேரமும் இருக்கும், தன் பெயரை நிலைநாட்டும் அவசரமும் இருக்கும். என் கடைக்கு முதலில் முடித்து வருகிற ஸ்காலர்களில் பலர் இப்படிப்பட்டவர்களிடம் படித்தவர்கள்தான்.

இனி பட்டங்களைப் படிக்கலாம். ஆனால் பட்டம் அவர் எங்கே தொடங்கினார் என்பதைத்தான் சொல்லும், இப்போது எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் ஜி.என். ராமச்சந்திரன். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கப் போனவர், அங்கே சி.வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். ஒளி, எக்ஸ்ரே, படிகம் என்று வேலை செய்துவிட்டு, கேம்பிரிட்ஜில் இன்னொரு முனைவர் பட்டம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது அவருக்கு ஒரு பக்கம் இருந்திருந்தால், "படிக இயற்பியல், ஒளியியல்" என்றுதான் போட்டிருப்பார்கள். இரண்டே வருஷத்தில், 1954இல், கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழை முறுக்கு அமைப்பைச் சொன்னார். தோலிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம் அது. மாதிரிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆய்வில் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பட்டத்தை மட்டும் படித்துவிட்டு, ஒளியியல் செய்யலாம் என்று 1955இல் அவரிடம் போயிருந்தால் புரதத்துக்குள் இறங்கியிருப்பீர்கள். அது பெரிய அதிர்ஷ்டம்தான். ஆனால் எல்லா கைடும் ராமச்சந்திரன் இல்லை, எல்லா மாற்றமும் முன்னோக்கிப் போவதில்லை.

அடுத்தது "ஆய்வு ஆர்வங்கள்" என்ற வரி. காற்புள்ளியை எண்ணுங்கள். மூன்று நான்கு தலைப்பு என்றால் சரி. எட்டு, ஒன்பது என்றால் அது ஹோட்டல் பலகையில் எழுதிய மெனு. உள்ளே போய்க் கேட்டால் இட்லியும் பொங்கலும்தான் இருக்கும். எது உண்மையில் அடுப்பில் இருக்கிறது என்று பார்க்க ஒரு முழுத்தாளை எடுங்கள். இடப்பக்கம் அவர் போட்ட தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறகு கடைசி ஐந்து ஆண்டில் அவர் பெயரில் வந்த கட்டுரைகளின் தலைப்பை மட்டும் படித்து, ஒவ்வொன்றையும் எந்தத் தலைப்பில் விழுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். அரைமணி நேர வேலை. கோடு விழாத தலைப்பு எல்லாம் அவருடைய பழைய காதல். என் கைடின் பக்கத்துக்கு இதை அன்று செய்திருந்தால் மெல்லிய படலத்துக்கு எதிரே வெள்ளையாக இருந்திருக்கும்.

கட்டுரைகளை எங்கே தேடுவது? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் வித்வான் தளத்திலும் நம் நாட்டு ஆசிரியர்களின் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பெயர்களில் ஒரு தொல்லை இருக்கிறது, கவனமாக இருங்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். "எஸ். குமார்" என்று தேடினால் இந்தியாவில் பாதிப்பேர் வருவார்கள். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் எஸ். குமார், இன்னொன்றில் குமார் எஸ்., வெளிநாட்டு இதழில் குமார் சுப்பிரமணியன். கடைசியாகச் சொன்னதை அந்த இதழ் "சுப்பிரமணியன், கே." என்று சுருக்கிவிடும், மகன் ராத்திரி பகலாகச் செய்த வேலை அப்பா பெயரில் ஏறிவிடும். அப்பா ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். கூகுள் ஸ்காலர் பக்கம் தானாகவே கட்டுரைகளைச் சேர்த்துக்கொள்வதால் வேறு ஒரு குமாரின் கட்டுரையும் கலந்திருக்கும். படிகக்காரர் பக்கத்தில் பல் மருத்துவக் கட்டுரை இருந்தால் அவர் பல்துறை வித்தகர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் கொடுத்திருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். 16 இலக்கம், ஆளுக்கு ஒன்று, பெயரை எப்படி எழுதினாலும் மாறாது. அங்கேயும் அவர் சேர்த்ததுதான் இருக்கும், ஆனால் குழப்பம் குறைவு.

எச்-இண்டெக்ஸ் பற்றி எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு அது. ஒருவருக்கு 12 என்றால், குறைந்தது 12 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 12 இருக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான். அதைக் கணிதக்காரருக்கும் நானோ பொருள்காரருக்கும் வைத்து ஒப்பிடுவது தப்பு. ஒரு துறையில் கட்டுரை மெதுவாக வரும், இன்னொன்றில் மழையாகப் பெய்யும். வயது கூடினால் எண்ணும் கூடும், குறையாது. அந்த எண்ணைவிட, அவருடைய முதல் ஐந்து பெரிய கட்டுரைகளில் ஸ்காலர் பெயர் முதலில் வருகிறதா என்று பாருங்கள். அது உங்களுக்கு உபயோகப்படும்.

இதழின் தரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் நிறைய. நம்பகமான இதழ்கள் இவை என்று யுஜிசி 2019இல் கொண்டுவந்த கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது, ஆகவே "கேர் லிஸ்ட்" என்று பழைய ஸ்டிக்கரைக் காட்டினால் மயங்க வேண்டாம். என் வழி சாதாரணமானது: அந்த இதழின் ஏதாவது ஒரு மாத வெளியீட்டைத் திறந்து பொருளடக்கத்தைப் படிப்பேன். வாழைநார், வங்கிக் கடன், வள்ளுவர், வைஃபை எல்லாம் ஒரே இதழில் இருந்தால் மூடிவிடுவேன். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். எங்கள் படிகத் துறையிலேயே, அமினோ அமிலத்தைச் சேர்த்து "புதிய படிகம்" வளர்த்தோம் என்று வந்த சிலவற்றை, அது புதிதே இல்லை, நீங்கள் கரைசலில் போட்ட பொருளேதான் மறுபடி படிகமாகியிருக்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். சீனிப்பாகு வைத்துக் கற்கண்டு எடுத்துவிட்டுப் புதுப் பண்டம் என்று சொன்ன கதைதான்.

இதுவரை சொன்னது எல்லாம் கைடு தன்னைப் பற்றிச் சொல்வது, அல்லது இதழ்கள் சொல்வது. எனக்கு நம்பிக்கை உள்ள இடம் வேறு: சோத்கங்கா. குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. நாடு முழுவதும் உள்ள பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் முழுசாக, இலவசமாக அங்கே கிடைக்கும். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, துறையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். கைடு பெயரை வைத்தும் தேடலாம். இனிஷியலை முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல் என்று நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். மிகச் சமீபத்தில் முடித்தவர்களுடையது ஏற நாளாகும்.

ஒவ்வோர் ஆய்வேடும் துண்டு துண்டான கோப்பாக இருக்கும். தலைப்பு, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, அப்புறம் ஒவ்வோர் இயலாக. அவசரப்பட்டு இயலுக்குள் போகாதீர்கள். தலைப்புப் பக்கத்தில் சமர்ப்பித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பதிவு செய்த ஆண்டு சில இடங்களில் பதிவு எண்ணிலேயே தெரியும், சில இடங்களில் சான்றிதழில் இருக்கும். இரண்டையும் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் சலுகை உண்டு. ஒரு கைடிடம் ஐந்து பேர் முடித்திருந்து ஐந்து பேருமே ஏழு, எட்டு வருஷம் என்றால், அது அந்த ஐந்து பேரின் சோம்பேறித்தனம் இல்லை. பார்ட் டைமா ஃபுல் டைமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே செய்தவருக்கு ஆறு வருஷம் நியாயம்தான்.

பிறகு ஐந்து ஆய்வேட்டின் தலைப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து வாசியுங்கள். ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்திருக்கிறதா, அல்லது உப்பின் பெயர் மட்டும் மாறியிருக்கிறதா? "வளர்ச்சியும் பண்பாய்வும்" என்ற சொற்கள் அப்படியே இருக்க, நடுவில் ஒரு வேதிப்பொருள் மட்டும் மாறி மாறி வரும் தலைப்புகளை நான் எத்தனை தடவை தங்க எழுத்தில் அடித்திருக்கிறேன் தெரியுமா? எழுத்துக் கோர்வையைக் கலைக்காமல் நடுவரியை மட்டும் மாற்றினால் போதும், எங்களுக்கு வேலை மிச்சம். உங்களுக்கு அது நல்லதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நன்றியுரை. எல்லோரும் கைடை "என் வாழ்வின் ஒளிவிளக்கு" என்றுதான் எழுதுவார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் வேறு எப்படி எழுத முடியும்? அந்தப் பத்தியைத் தாண்டுங்கள். கருவிகளுக்கு யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பாருங்கள். "எக்ஸ்ரே அளவீட்டுக்கு சென்னை ஐஐடியின் சைஃப், இன்னொன்றுக்குக் காரைக்குடி செக்ரி, வேறொன்றுக்குப் பெங்களூரு" என்று வெளி ஆய்வு மையங்களாக நீண்டால், அந்த லேபில் பீக்கரும் அடுப்பும்தான் இருக்கிறது. மாதிரியை டப்பாவில் போட்டு ராத்திரி பஸ் ஏறி, கட்டணம் கட்டி, முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பலர் அப்படித்தான் நல்ல ஆய்வு செய்திருக்கிறார்கள், ஆனால் தெரிந்து போக வேண்டும். சீனியர்களுக்கு நன்றி சொன்னால் அவர்கள் பெயரைப் பட்டியலிடுங்கள். அந்தப் பெயர்கள் சோத்கங்காவில் முடித்தவர்களாக வருகிறார்களா? ஒரு நன்றியுரையில் நான்கு சீனியர் பெயர் இருந்து, அதில் இரண்டு பேருக்கு எங்கேயும் ஆய்வேடே இல்லை என்றால், அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க வேண்டும். என் பெயரும் அப்படி ஒரு ஜூனியரின் நன்றியுரையில் இருக்கிறது. நானே பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

பணம் எங்கே இருந்து வந்தது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். நெட் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். யாருடைய தயவும் வேண்டாம். அது இல்லாதவர் கைடு நிதி வாங்கி நடத்தும் புராஜெக்டை நம்பித்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் புராஜெக்ட் என்று போட்டிருந்தால் முடியும் ஆண்டைப் பாருங்கள். போன வருஷமே முடிந்த புராஜெக்டில் இந்த வருஷம் சம்பளம் வராது.

அப்புறம் நேரில் போங்கள். சாரிடம் இல்லை, முதலில் அவருடைய ஸ்காலர்களிடம். எங்கள் பக்கத்து டீக்கடையில் நாலு மணிக்கு எல்லா லேபும் ஆஜராகிவிடும். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்ல சார்தான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். கடைசியாக எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்திக் கொடுத்தார்? ஆய்வைப் பரிசீலிக்கும் கமிட்டி கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது? ஆய்வு தவிர வேறு என்ன வேலை இருக்கும்? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பு வந்தால், அந்தச் சிரிப்பை நன்றாகக் கவனியுங்கள்.

கடைசியாக மின்னஞ்சல். "உங்கள் மதிப்புமிக்க வழிகாட்டுதலில் ஆய்வு செய்யப் பேராவல்" என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதை நிறுத்துங்கள். என் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே ஒருவர் பெயரை மாற்ற மறந்து அடுத்தவருக்கு அனுப்பிய தம்பிகள் உண்டு. சென்ற வருஷம் ஒரு பாப்பா எழுதியதன் சாரம் இது: "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். உங்கள் ஆய்வாளர்கள் இருவரின் ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் படித்தேன். இரண்டாவதன் நான்காம் இயலில், மழைக்காலத்தில் எடுத்த நீர் மாதிரிகளில் மட்டும் அளவு மாறுவதாக இருக்கிறது, காரணம் ஆராயப்படவில்லை. எம்.எஸ்ஸி. புராஜெக்டில் நான் எங்கள் ஊர்க் குளத்தில் இதே அளவீட்டைச் செய்திருக்கிறேன். அதைத் தொடர இடம் இருக்குமா என்று அறிய விரும்புகிறேன். மதிப்பெண் பட்டியலும் நெட் சான்றும் இணைத்துள்ளேன்." அவ்வளவுதான். அந்த அம்மா அன்று சாயங்காலமே வரச் சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் பதில் வராவிட்டால் இன்னொரு தடவை எழுதுங்கள். அதற்கும் வராவிட்டால் வகுப்பு இல்லாத நேரம் பார்த்து அறைக்குப் போய் நில்லுங்கள். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேண்டாம். கோடு போட்ட அந்த முழுத்தாளைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பி அதை சார் மேசையிலேயே விரித்து வைத்துவிட்டு, "சார், அல்ட்ராசானிக்ஸுக்கு எதிரே ஒன்றும் இல்லையே" என்று கேட்டிருக்கிறான்.